ரீசஸ் குரங்கு மாதிரியில் மூன்றாவதாக ஒரு ஏ1: நிஜமா, பிசிஆர் செய்த வேலையா?

ஆய்வகத் தும்பி:
வணக்கம். ரீசஸ் குரங்குகளின் எம்ஹெச்சி முதல் வகுப்பு மரபணுக்களை (கிருமியின் துண்டுகளை நோயெதிர்ப்பு அணுக்களுக்குக் காட்டும் மூலக்கூறுகளுக்கானவை; ஏ1, பி எல்லாம் இதில் சேரும்) மைசெக் என்ற டிஎன்ஏ வரிசை படிக்கும் கருவியில் படித்து வகைப்படுத்துகிறோம். இரத்தத்தில் எடுத்த டிஎன்ஏ, அதில் மரபணுவின் இரண்டாம் எக்ஸான் பகுதியில் பிசிஆர் முறையில் நகலெடுத்துப் பெருக்கிய 195 எழுத்து நீளத் துண்டு (ஆம்ப்ளிகான்). கருவி படித்துத் தரும் வரிசைகளை (ரீடுகளை), தெரிந்த எம்ஹெச்சி வரிசைகள் உள்ள ஐபிடி தரவுத்தளத்து வரிசைகளோடு ஒரு எழுத்துகூடப் பிசகாமல் பொருந்துகிறதா என்று பார்க்கிறோம்.

ஒரு பெண் குரங்கில் ஏ1 மரபணுவின் இரு வடிவங்கள் (அல்லீல்கள்), ஏ1*004, ஏ1*008 இரண்டும் பளிச்சென்று வருகின்றன. கூடவே ஏ1*001, ஏ1 ரீடுகளில் சுமார் 3 சதவீதம். பி மரபணுக்கள் கும்பலாக வருவதில் சிக்கலில்லை, ரீசஸில் அது வழக்கம்தான். ஆனால் ஏ1 பொதுவாகத் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்றுதானே, எப்படி மூன்று? இந்த விலங்கு எஸ்ஐவி (குரங்குகளைத் தாக்கும், எச்ஐவி போன்ற வைரஸ்) தடுப்பூசி ஆய்வுக்குப் போகிறது. அறிக்கையில் என்ன எழுதுவது?

பைப்பெட் பாண்டி:
முந்தைய ரன்னில் இதே இன்டெக்ஸ் ஜோடியை (எந்த மாதிரி என்று பிரித்தறிய ஒட்டும் டிஎன்ஏ அடையாளங்களை) பயன்படுத்தினீர்களா? மைசெக்கின் குழாயில் பழைய லைப்ரரி (படிப்பதற்காகத் தயாரித்த டிஎன்ஏ) கொஞ்சம் தங்கிவிடும். நீர்த்த ஹைப்போகுளோரைட் விட்டுக் கழுவுவது அதற்காகத்தான். ஆனால் அந்த மிச்சம் பொதுவாக ஒரு சதவீதத்துக்கும் வெகு கீழேதான் நிற்கும், 3 வரை ஏறாது.

எனக்குக் கைமேரா மேல்தான் சந்தேகம். ஒரு அல்லீலை நகலெடுக்கும்போது பாலிமரேஸ் (நகலெடுக்கும் நொதி) பாதியில் நின்றுவிட்டால், அந்த அரைகுறைத் துண்டு அடுத்த சுற்றில் வேறொரு அல்லீல்மேல் ஒட்டி நீளும். முன்பாதி ஒருவருடையது, பின்பாதி இன்னொருவருடையது. இந்தக் குரங்குகளில் அல்லீல்களே பல பகுதிகளில் ஒன்றையொன்று ஒத்திருப்பதால், கலந்து பிறந்த துண்டு தரவுத்தளத்தில் உள்ள நிஜப் பெயர் ஒன்றோடு பொருந்திப்போகவும் கூடும்.

புதுமுகம்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இரட்டைக் குட்டியாகப் பிறந்து, கூடப்பிறந்ததன் இரத்தம் கலந்திருக்காதா?

பைப்பெட் பாண்டி:
மார்மோசெட் என்றால் முதலில் அதைத்தான் கேட்டிருப்பேன். அங்கே இரட்டைக் குட்டிகள் கருவிலேயே இரத்த அணுக்களைப் பகிர்ந்துகொள்ளும். ரீசஸில் பெரும்பாலும் ஒற்றைக் குட்டிதான், அதனால் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

மரபுக்கணக்கு:
தும்பி, ஏ1-ஐ மட்டும் உற்றுப் பார்க்காதீர்கள், அது யாரோடு வந்திருக்கிறது என்று பாருங்கள். கைமேரா என்றால் தனியாக வரும், அதன் இரண்டு பாதிகளுக்கும் சொந்தக்காரர்கள் அதே மாதிரியில் அதிக ரீடுகளோடு இருப்பார்கள். வேறு விலங்கின் டிஎன்ஏ கலந்திருந்தால் அந்த விலங்கின் பி அல்லீல்களும் ஏறக்குறைய அதே விகிதத்தில் பின்னாலேயே வரும். பி-யில் கூட்டம் அதிகம் என்பதால் அங்கே அந்நியர்கள் எளிதில் ஒளிந்துகொள்வார்கள். மாதிரிகளை வைத்த தட்டில் பக்கத்துக் குழிகளின் முடிவுகளை எடுத்து வைத்துக்கொண்டு தேடுங்கள்.

அப்புறம், பெற்றோரின் தரவு இருக்கிறதா?

ஆய்வகத் தும்பி:
இருக்கிறது. 004 தாயிடமிருந்து, 008 தந்தையிடமிருந்து. இருவரிடமும் 001 கிடையாது.

பார்த்தேன். பக்கத்துக் குழி விலங்குக்கு 001 உண்டு, பி*017-உம் உண்டு. அந்த பி*017 என் மாதிரியிலும் அடியில் கிடக்கிறது, விகிதமும் கிட்டத்தட்ட அதேதான். பெற்றோர் யாரிடமும் 017 இல்லை. அதே டிஎன்ஏ குழாயிலிருந்து பிசிஆரைத் திரும்ப ஓட்டினாலும் இரண்டும் வருகின்றன.

மரபுக்கணக்கு:
சரி, அப்படியானால் கலப்பு டிஎன்ஏ குழாயிலேயே இருக்கிறது. பிசிஆர் சுற்றுகளைக் குறைத்தாலும் போகாது. தாய்க்கும் தந்தைக்கும் ஒவ்வொரு ஹாப்லோடைப் (ஒரு பெற்றோரிடமிருந்து சேர்ந்தே வரும் மரபணுத் தொகுப்பு) சரியாகக் கணக்காகிவிட்டதால் மூன்றாவதுக்கு இடமே இல்லை. ஆனாலும் அதை அடித்துவிட்டு அறிக்கை அனுப்பாதீர்கள், புது இரத்தம் கேளுங்கள். ஏ1*001 எஸ்ஐவியின் காக் புரதத்திலுள்ள சிஎம்9 என்ற சிறு துண்டை (பெப்டைடை) நோயெதிர்ப்பு டி அணுக்களுக்குக் காட்டும் மூலக்கூறு, பி*017 வைரஸைக் கட்டுக்குள் வைக்கும் விலங்குகளில் அடிக்கடி தென்படுவது. இந்த இரண்டும் எந்தக் குழுவில் எத்தனை என்று தெரியாமல் பிரித்தால், தடுப்பூசி வேலை செய்ததா, குரங்கின் பிறவி அதிர்ஷ்டமா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

ஆய்வகத் தும்பி:
கால்நடை மருத்துவரிடம் சொல்லிவிட்டேன், அடுத்த உடல் பரிசோதனையில் எடுத்துத் தருவார். அதுவரை இந்த விலங்கை எந்தக் குழுவிலும் சேர்க்க மாட்டார்கள்.

பைப்பெட் பாண்டி:
பக்கத்துக் குழிக்காரரையும் விட்டுவிடாதீர்கள். அங்கே 004, 008 தலைகாட்டினால் கலப்பு இரண்டு பக்கமும் நடந்திருக்கிறது. அப்படியானால் அந்த வரிசை முழுவதற்கும் டிஎன்ஏவைப் புதிதாக எடுக்க வேண்டியிருக்கும்.