காதலியோட பழைய கல்யாணத்த ரத்து பண்ணணும், சம்மன்ல மாட்டி நிக்கிறோம்

நான் பிலிப்பைன்ஸ்ல மகாட்டி நகரத்துல ஐடி வேலைல இருக்கேன், என் காதலி இலோய்லோ பொண்ணு. கல்யாணத்துக்காக பிஎஸ்ஏ-ல (இங்க பிறப்பு, கல்யாணப் பதிவுகள வச்சிருக்கிற அரசு அலுவலகம்) செனோமார், அதாவது கல்யாணம் ஆகலங்கிற சான்றிதழ் கேட்டா பழைய கல்யாணம் பதிவுல அப்படியே நிக்குது. புருஷன் விட்டுட்டுப் போய் பல வருஷம் ஆச்சு, துபாய்ல இருக்கான்னு கேள்வி, அட்ரஸ் தெரியாது.

இங்க முஸ்லிம்களத் தவிர யாருக்கும் டைவர்ஸ் கிடையாது, அவன் வெளிநாட்டுக்காரனா இருந்து அங்க டைவர்ஸ் வாங்கியிருந்தா இங்கத்த குடும்பச் சட்டத்தோட 26-வது பிரிவு உதவியிருக்கும், அவனும் பிலிப்பினோதான். வக்கீல் 36-வது பிரிவுல (கல்யாணக் கடமைய நிறைவேத்த மனரீதியா இயலாமை) போடலாம், 2021 சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக்கப்புறம் சைக்காலஜிஸ்ட் சாட்சி கட்டாயமில்லன்னு சொன்னாரு, ஆனா சம்மன் சேர்க்க அட்ரஸ் வேணுமாம். அவன் அக்காவுக்கு மெசஞ்சர்ல எழுதினோம், பாத்துட்டு பதிலே போடல. இவ அந்த ஃபோனையே பாத்துட்டு உக்காந்திருக்கா, மனசு தாங்கல.

அட்ரஸ் தெரியாதவங்களுக்கு பேப்பர் விளம்பரம் மூலமா சம்மன் குடுக்க கோர்ட்டுல என்னென்ன ஆதாரம் கேட்டாங்க, இத கடந்து வந்தவங்க சொல்லுங்களேன்?