அயோவா கருப்பு மண்ணும் நம் கரிசலும் ஒன்றுதானா?

மெய்த்தீலா_கடலை:

எல்லோருக்கும் வணக்கம். பர்மாவில் மெய்த்தீலாவுக்குத் தெற்கே எங்களுக்குக் கொஞ்சம் கருப்பு நிலம் இருக்கிறது. தாத்தா காலத்திலிருந்து மழைக்கு எள், மழை ஓய்ந்ததும் மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்திலேயே கொண்டைக்கடலை. சமீபமாக அமெரிக்காவில் அயோவா மாநிலத்து விவசாயிகள் போடும் வீடியோக்களை விடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மண் நம்முடையதைவிடக் கருப்பு. ஆனால் மண்வெட்டியால் ஒரு குத்து குத்தித் தூக்கினால் பொலபொலவென்று உதிர்கிறது, உள்ளே முழுக்க வேரும் மண்புழுவும். நம் நிலத்திலோ திஞ்ஞான் (ஏப்ரலில் வரும் பர்மியப் புத்தாண்டு) சமயத்தில் மண்வெட்டியே இறங்காது, வெடிப்புக்குள் கை முழுசாகப் போகும். மழை பிடித்துவிட்டால் செருப்பை உள்ளே விட்டுவிட்டுத்தான் கரையேற வேண்டும்.

இரண்டும் ஒரே கரிசல்தானா? அங்கே ‘லோயஸ்’ என்று ஏதோ சொல்கிறார்களே, அது என்ன, அது எப்படி இவ்வளவு கருத்தது? கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. டவுனில் ஒரு கடைக்காரர் ஹியூமிக் அமிலம் என்று கருப்பாக ஒரு தூள் விற்கிறார். மூன்று போகம் போட்டால் நம் மண்ணும் அமெரிக்க மண்ணாகிவிடுமாம். தம்பி வாங்கலாம் என்கிறான், எனக்கு என்னமோ இடிக்கிறது.

மண்வெட்டி:

அண்ணே, தூளை இப்போதைக்கு வாங்காதீர்கள், அதற்குக் கடைசியில் வருகிறேன்.

நிறம் ஒன்று, பிறப்பு வேறு. அயோவா மண் தூசியில் பிறந்தது, உண்மையிலேயே தூசி. கடைசிப் பனியுகத்தில் வட அமெரிக்காவின் வடபாதி பனிப் பாளங்களுக்கு அடியில் கிடந்தது. அந்தப் பாளங்கள் நகரும்போது அடியில் இருந்த பாறையை, அதில் சுண்ணாம்புப் பாறையும் நிறைய, அரைத்துப் பொடியாக்கின. கோடையில் பனி உருகி அந்தப் பொடியை மிசௌரி, மிசிசிப்பி பள்ளத்தாக்குகளில் கொண்டுவந்து பரப்பும். குளிர்காலத்தில் உருகுவது நின்று ஆறு சுருங்கும். காய்ந்து கிடக்கும் அந்தப் பரப்பிலிருந்து காற்று பொடியை அள்ளிக்கொண்டு போகும். பக்கோக்குப் பக்கம் பங்குனி மாதத்தில் ஐராவதி சுருங்கித் திட்டுகள் வெளியே வந்ததும் கண்ணைத் திறக்க விடாமல் மண் அடிக்குமே, அதே வேலைதான், ஆனால் ஏறக்குறைய 25,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 12,000 ஆண்டுகளுக்கு முன்வரை விட்டுவிட்டு நடந்திருக்கிறது. மணல் கனம், தூரம் போகாது. மணலுக்கும் களிக்கும் இடைப்பட்ட, வண்டல் என்கிற நடுத்தரமான துகள்தான் மேட்டுநிலத்தில் வந்து படியும். அந்தப் படிவுக்குப் பெயர்தான் லோயஸ். மிசௌரி ஆற்றங்கரையை ஒட்டி மேற்கு அயோவாவில் சில இடங்களில் 60 மீட்டர் கனத்துக்குக் குன்றுகளாகவே நிற்கிறது, கிழக்கே போகப் போக மெலிந்து சில மீட்டர்தான்.

இந்தத் துகளை விரலிடையில் தேய்த்தால் மைதா மாவு தொட்டது மாதிரி இருக்கும், நறநறக்காது, பிசுபிசுக்கவும் செய்யாது. அயோவாவின் அடையாள மண்ணாகச் சொல்லப்படும் ‘டாமா’ இப்படிப்பட்ட லோயஸில் உருவானதுதான்: பெரும்பங்கு வண்டல் துகள், மணல் 5 சதவீதம்கூட இருக்காது, களி கால் பங்கு சுமார். நம் கரிசலில் களியே பாதி இருக்கும், சில இடத்தில் அதற்கும் மேல். உங்கள் செருப்பு ஏன் திரும்பி வரவில்லை என்பதற்கு இதுவே போதும்.

இன்னொன்று, எனக்கு இது படிக்கும்போது ஆச்சரியமாக இருந்தது: களியின் வகையில் பெரிய வித்தியாசம் இல்லை. நனைந்தால் உப்பி, காய்ந்தால் சுருங்கும் ஸ்மெக்டைட் களிதான் நம் மண்ணில். அயோவா லோயஸின் களியிலும் அதுதான் மிகுதி. அளவில்தான் சங்கதி.

நெல்வயல்_பெகு:

எங்கள் பெகு பக்கம் கருப்பும் இல்லை, வெடிப்பும் அவ்வளவு இல்லை, சாம்பல் நிறச் சேறுதான், அதனால் நான் வேடிக்கை பார்க்க வந்தவன். ஆனால் ஒரு சந்தேகம். மண் கருப்பாக இருப்பதற்குக் காரணம் மக்கு, அதாவது மக்கிப்போன இலையும் வேரும், என்பார்கள். அப்படியென்றால் ஷான் மலைக் காடுகளில் எவ்வளவு இலை உதிர்கிறது, அங்கே தோண்டினால் நாலு விரல் ஆழத்துக்குக் கீழே செம்மண் வந்துவிடுகிறதே? புல்லில் என்ன பெரிய இலை இருக்கிறது?

மண்வெட்டி:

நல்ல கேள்வி, விஷயமே அங்கேதான் இருக்கிறது. மரம் இலையை மேலே போடுகிறது, அது மேலேயே மக்கி மேலேயே போய்விடுகிறது. பிரெய்ரி என்கிற அந்த அமெரிக்கப் புல்வெளியின் புல் தன் உடம்பில் பாதிக்கு மேல் மண்ணுக்குள் வைத்திருக்கும். ஆள் உயரம் வளரும் ‘பிக் புளூஸ்டெம்’ என்ற புல்லின் வேர் இரண்டு மீட்டருக்கும் கீழே போகும். வருஷா வருஷம் வேரில் ஒரு பங்கு செத்து அங்கேயே மக்கும், புது வேர் வரும். மக்கு வெளியிலிருந்து வரவேண்டியதில்லை, இருக்கிற இடத்திலேயே உண்டாகிறது. அப்புறம் மண்புழு, எறும்பு, எலி மாதிரி வளை தோண்டும் கோஃபர் எல்லாம் சேர்ந்து மேலே இருப்பதைக் கீழே, கீழே இருப்பதை மேலே என்று புரட்டிக்கொண்டே இருக்கும். அதனால்தான் ஒரு அடி, ஒன்றரை அடி ஆழத்துக்கு ஒரே கருப்பு.

பனி போனதும் நேராகப் புல் வந்துவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். முதலில் ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரக் காடு, பிறகு இலையுதிர் மரங்கள், வெயிலும் வறட்சியும் கூடியபோதுதான் புல். புல் வந்த சில ஆயிரம் ஆண்டுகள்தான் இந்த நிறத்தைக் கொடுத்தன.

அடுத்தது சுண்ணாம்பு. லோயஸோடு வந்த சுண்ணாம்பை மழை மெல்லக் கரைத்து ஒரு மீட்டருக்கும் கீழே இறக்கிவிட்டது, ஆனால் அதிலிருந்த கால்சியம் களியில் ஒட்டி நின்றது. கால்சியம் களியையும் மக்கையும் சேர்த்துப் பிடித்துச் சின்னச் சின்ன உருண்டைகளாக்கும். நீங்கள் வீடியோவில் பார்த்த பொலபொலப்பு அதுதான். மழையோடு கொஞ்சம் களியும் கீழே இறங்கும், எனவே அந்த மண்ணில் அடிமண் மேல்மண்ணைவிடச் சற்றுக் களிப்பாகவும் பழுப்பாகவும் இருக்கும். இந்த மாதிரிக் கருப்பும் பொலபொலப்பும் கால்சியமும் சேர்ந்த மேல்மண் உள்ளவற்றை மாலிசால் என்ற தொகுதியில் வைக்கிறார்கள். நம்முடையது வெர்டிசால், அதாவது களி மிகுந்து, காய்ந்தால் வெடிக்கும் மண்ணின் தொகுதி.

கடைசியாகக் குளிர். அயோவாவில் ஆண்டு மழை சுமார் 850 மில்லிமீட்டர். நம் வறண்ட மண்டலத்தில் இடத்தைப் பொறுத்து 500 முதல் 1000. அதாவது மழையில் பெரிய வித்தியாசம் கிடையாது! ஆனால் அங்கே வருஷத்தில் மூன்று நான்கு மாதம் நிலம் உறைந்துவிடும், மக்கைத் தின்னும் கிருமிகள் தூங்கிவிடும். இங்கே அவை பன்னிரண்டு மாதமும் விழித்திருக்கின்றன. நீங்கள் போடுகிற சாணி எங்கே போகிறது என்று கேட்டால், பாதிக்கு மேல் காற்றில் போகிறது.

வாட்டர்லூவில்_ரங்கூன்காரன்:

அண்ணன்மார்களே, நான் இப்போது இருப்பதே அயோவாவில்தான், விவசாயி இல்லை, இறைச்சி ஆலை வேலை, ஆனால் கூட வேலை செய்கிறவர்களில் பாதிப்பேர் பண்ணைக் குடும்பம், பேச்செல்லாம் மண்தான். வீடியோவில் வராத சில விஷயம் சொல்கிறேன்.

ஒன்று, இந்த நிலம் சும்மா வந்த சொர்க்கம் இல்லை. புல்வேர் பின்னிக் கிடந்ததாலும் மண் ஒட்டியதாலும் பழைய இரும்புக் கலப்பை ஓடவே ஓடாதாம். 1837-ல் பக்கத்து இல்லினாய்ஸில் ஜான் டியர் என்ற கொல்லர் எஃகு முகம் வைத்த கலப்பை செய்த பிறகுதான் வேலை நடந்தது. தாழ்வான இடமெல்லாம் சதுப்பு. அடியில் குழாய் பதித்து வடித்துவிட்டார்கள், முதலில் சுட்ட மண் குழாய், இப்போது பிளாஸ்டிக். மேலே பார்த்தால் தெரியாது, ஓடை ஓரம் போனால் குழாய் வாய் நீட்டிக்கொண்டு இருக்கும்.

அப்புறம், அந்தப் புல்வெளி இப்போது இல்லை. அயோவாவில் பழைய உயர்புல் வெளியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட மிச்சமில்லை, ரயில் பாதை ஓரமும் பழைய கல்லறைத் தோட்டமும்தான். மக்காச்சோளமும் சோயாவும் மாற்றி மாற்றி. உழுத நிலத்தை வசந்தத்தில் பார்த்தால் மேட்டு முகடெல்லாம் வெளுத்துக் கிடக்கும், கருப்பு பள்ளத்தில்தான் இருக்கும். 2021-ல் செயற்கைக்கோள் படங்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு, இந்த மக்காச்சோள வட்டாரத்தில் மூன்றில் ஒரு பங்கு சாகுபடி நிலத்தில் கருப்பு மேல்மண் முழுக்கவே போய்விட்டது என்று கணக்குப் போட்டது. வீடியோக்காரர்கள் நல்ல பள்ளத்தில்தான் மண்வெட்டியைக் குத்துவார்கள், முகட்டில் குத்தமாட்டார்கள்.

கோயில்பட்டி_வம்சம்:

எங்கள் பூர்வீகமே கரிசல் பூமி. கரிசல் கருப்பாக இருப்பது டைட்டானியம் கலந்த இரும்புத்தாதுவால் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். இங்கே எல்லாரும் மக்கு மக்கு என்கிறீர்கள். அந்த அமெரிக்கப் புல்வெளியும் அடிக்கடி தீப்பிடிக்கும் என்பார்கள், அப்படியென்றால் அது கரியின் கருப்பு, மக்கின் கருப்பு இல்லை.

மண்வெட்டி:

தீ விஷயத்தில் பாதி ஒத்துக்கொள்கிறேன் ஐயா. மின்னலாலும், அங்கே வாழ்ந்த பூர்வகுடிகள் வைத்ததாலும் புல்வெளி அடிக்கடி எரிந்தது, மரம் தலைதூக்காமல் இருந்ததற்கே தீ ஒரு காரணம். எரிந்த கரித்துகள் அந்த மண்ணின் கார்பனில் கணிசமாக இருக்கிறது, அது எளிதில் மக்காது. ஆனால் வெறும் கரி மண்ணைப் பொலபொலப்பாக்காது, அதற்கு வேரும் புழுவும் கால்சியமும் வேண்டும்.

டைட்டானியக் கதையைத் தக்காணத்து எரிமலைப் பாறைக் கரிசலுக்குப் பாடப்புத்தகங்கள் சொல்வது உண்மைதான். ஆனால் பாறை எதுவாக இருந்தாலும், ஆற்றுப் படிவில் உண்டான கரிசல்கூடக் கருப்பாகத்தானே இருக்கிறது? கொஞ்சமே கொஞ்சம் மக்கு, ஒரு சதவீதம்கூட இருக்காது, அது ஸ்மெக்டைட் களியோடு இறுகப் பிணைந்து மொத்த மண்ணையும் கருப்பாக்கிவிடுகிறது. அயோவாவில் உழுகிற நிலத்திலேயே 3, 4 சதவீதம் மக்கு சாதாரணம். நிறத்தைப் பார்த்து மக்கை எடை போட்டால் ஏமாறுவோம் என்று நான் சொல்வது இதனால்தான்.

மெய்த்தீலா_கடலை:

தம்பி, நன்றாகப் புரிந்தது. அப்படியென்றால் அந்தத் தூள்?

மண்வெட்டி:

கணக்குப் பாருங்கள் அண்ணே. ஒரு ஏக்கரில் அரை அடி ஆழத்து மண் மட்டும் ஏறக்குறைய 900 டன். அதில் மக்கை ஒரே ஒரு சதவீதம் கூட்டவேண்டுமானால் 9 டன் மக்கு மண்ணில் நிலைத்து நிற்கவேண்டும். கடைக்காரர் ஏக்கருக்கு எத்தனை கிலோ போடச் சொல்கிறார்? அப்படியே 9 டன் போட்டாலும் களி பாதி இருக்கிற மண் வண்டல் மண்ணாக மாறாது, துகளின் அளவை எந்தத் தூளும் மாற்றாது.

உங்கள் மண்ணைக் குறைவாகவும் நினைக்காதீர்கள். ஒரு சொட்டு மழை இல்லாமல் மார்கழி முழுக்கக் கடலை நிற்கிறதே, அது அந்தக் களி பிடித்து வைத்திருக்கும் தண்ணீர். எள்தட்டையை எரிக்காமல் நிலத்தில் விடுங்கள், மாட்டுக்கு வேண்டியது போக. மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும் துண்டுகளில் அகலப் பாத்தியும் இடையே வாய்க்காலுமாகப் போட்டுப் பாருங்கள், கரிசலுக்கு அது ஒத்துவரும். ஈரமாக இருக்கும்போது டிராக்டரை இறக்காதீர்கள், இது ரொம்ப முக்கியம்.

சந்தேகம் தீரவேண்டுமென்றால் ஒரு தெளிவான பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை சலவைத்தூள் போட்டு ஒரு ராத்திரி ஊறவிட்டு நன்றாகக் குலுக்கி வையுங்கள். முதல் நிமிஷத்தில் படிவது மணல், இரண்டு மணி நேரத்துக்குள் படிவது வண்டல், மறுநாளும் கலங்கலாக நிற்பது களி. இன்னொரு பிடி மண்ணில் வினிகர் விடுங்கள், நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. உங்கள் பக்கம் சுக்கான் கல் கிடக்குமே, நுரைக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

வாட்டர்லூவில்_ரங்கூன்காரன்:

வினிகர் சோதனை இங்கே மேல்மண்ணில் நுரைக்காது, சுண்ணாம்பு கரைந்து போனதால் இங்குள்ளவர்கள் லாரி லாரியாகச் சுண்ணாம்புப் பொடி வாங்கிக் கொட்டுகிறார்கள். பாட்டிலை நானும் ஒன்று குலுக்கிப் படம் போடுகிறேன், பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஆனால் ஏப்ரலுக்கு மேல்தான், இப்போது நிலம் உறைந்து கிடக்கிறது, மண்வெட்டி இங்கேயும் இறங்காது.