பாபி வோமாக்கின் கடைசி ஆல்பத்தை நீங்கள் எங்கே சந்தித்தீர்கள்?

ஹாரோ, லண்டன்

அமெரிக்க சோல் பாடகர் பாபி வோமாக் 2012 ஜூனில் வெளியிட்ட 'தி பிரேவஸ்ட் மேன் இன் தி யுனிவர்ஸ்' ஆல்பம் உங்களுக்கு எப்படி அறிமுகமானது, கேட்டபோது என்ன நேர்ந்தது என்று எழுதுங்கள். என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2010 நவம்பரில் லண்டன் ஓ2 அரங்கில் கொரில்லாஸ் குழுவின் கச்சேரி. அக்கா மகனுக்குத் துணையாகப் போயிருந்தேன். எலக்ட்ரானிக் இசையும் ராப்பும் அவனுடைய உலகம். எனக்கு அறுபதுகள், எழுபதுகளின் சோல் (தேவாலயப் பாட்டிலிருந்து வளர்ந்த அமெரிக்கக் கறுப்பினத்தவர் இசை) போதும். வோமாக்கும் சேர்ந்து பாடிய அவர்களுடைய 'ஸ்டைலோ' பாட்டு தொடங்கியது. சிந்தசைசரின் பேஸ் (தாழ்ந்த, கனத்த ஒலி) விடாமல் ஓடிக்கொண்டே இருக்க, நடுவில் ஒரு முதியவர் முன்னால் வந்து வாயைத் திறந்தார். அதற்கு முன் அந்த அரங்கில் கேட்ட சத்தம் எல்லாம் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது. "யார் மாமா இவர்?" என்று அவன் என் காதருகே கத்தினான். ரோலிங் ஸ்டோன்ஸ் ராக் குழு இங்கிலாந்தில் முதன்முதலாக முதலிடம் பிடித்த பாட்டை எழுதியவர் என்று சொன்னேன். அவன் நம்பவில்லை. 1964இல் 'இட்ஸ் ஆல் ஓவர் நவ்' பாட்டை ஷெர்லி வோமாக்குடன் சேர்ந்து எழுதியபோது பாபிக்கு வயது இருபதுதான். அவரும் சகோதரர்களும் பாடிய அந்தப் பாட்டைத்தான் ஸ்டோன்ஸ் எடுத்துப் பாடினார்கள்.

'ஸ்டைலோ' பதிவின்போது நடந்ததையும் சொல்ல வேண்டும். நீரிழிவு இருந்தவர் வோமாக். ஒலிப்பதிவு அறையில் உணர்ச்சி பொங்கப் பாடிக்கொண்டே இருந்தவருக்குத் தலை சுற்றி மயக்கம் வந்துவிட்டது. உட்காரவைத்து வாழைப்பழம் கொடுத்திருக்கிறார்கள். சற்று நேரத்தில் தெளிந்துவிட்டார். கொரில்லாஸ் யார் என்றே முதலில் தெரியாத மனிதர், மகள் சொல்லித்தான் ஒப்புக்கொண்டாராம். அப்படி வந்தவர் அரைமனதாகப் பாடிவிட்டுப் போகவில்லை.

அந்தப் பழக்கத்தில்தான் கொரில்லாஸ் குழுவின் டேமன் ஆல்பர்னும் எக்ஸ்எல் ரெக்கார்டிங்ஸ் நிறுவனத்தின் ரிச்சர்ட் ரஸ்ஸலும் அவருக்கு ஒரு முழு ஆல்பம் செய்து கொடுத்தார்கள். 1994க்குப் பிறகு அவருடைய சொந்தப் பாடல்களோடு ஆல்பம் எதுவும் வரவில்லை. பதினெட்டு வருட இடைவெளி. எல்லாம் சேர்த்து நாற்பது நிமிடத்துக்கும் குறைவு. முதல் பாட்டில் தந்தி வாத்தியங்களின் நீண்ட சுருதி. அதன்மேல் தனியாக அவர் குரல். அது நின்று நிதானித்த பிறகுதான் இயந்திரத் தாளம் நுழைகிறது. முதலில் மன்னிப்பவனே உலகத்தில் பெரிய தைரியசாலி என்கிறார். அறுபத்தெட்டு வயதில் சுத்தமான குரல் இல்லை. மேல் ஸ்தாயியில் கீறல் விழுகிறது, சில இடங்களில் காற்று மட்டும் வருகிறது. ஆல்பர்னும் ரஸ்ஸலும் அதில் கை வைக்கவில்லை. அந்த ஒரு முடிவுக்காகவே இருவரையும் கும்பிடத் தோன்றுகிறது.

சிங்கப்பூர்

ஹாரோ அண்ணன் எழுதியதைப் படித்ததும் ஒரு பழைய கோபம் திரும்பி வந்துவிட்டது.

இந்த ஆல்பம் வந்த சமயத்தில் நான் ஒரு ஹோட்டலின் பாரில் வேலை பார்த்தேன். மாலை ஆறு மணி முதல் நள்ளிரவு வரை என்ன இசை போடுவது என்பது என் பொறுப்பு. லவுஞ்ச் என்ற பெயரில் வரும் தொகுப்புகளைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்திருந்தது. மெதுவான தாளம், மென்மையான கீபோர்டு, யாருடைய பேச்சையும் தொந்தரவு செய்யாத ஒரு பெண் குரல். அவ்வளவுதான் அதன் இலக்கணம். இந்த ஆல்பத்தை இசைக்கடைகள் சிலவற்றில் அதே அடுக்கில் வைத்திருந்தார்கள். நானும் ஒரு வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்குப் போட்டேன்.

'ப்ளீஸ் ஃபர்கிவ் மை ஹார்ட்' வந்தது. கீபோர்டு சுரங்கள் ஒவ்வொன்றாக விழ, அடியில் டிரம் மெஷின் ஓட, அதன்மேல் அவர் மன்னிப்புக் கேட்கிறார். ஜன்னலோரம் இருந்த ஒரு தம்பதி பேச்சை நிறுத்திவிட்டார்கள். பக்கத்து மேசையிலும் பேச்சு நின்றது. யாரும் எழுந்து போகவில்லை, அடுத்த சுற்று மது கேட்கவும் இல்லை. பாட்டு முடிந்ததும் மேலாளர் வந்தார். "நல்ல பாட்டுதான். ஆனால் நம் இடத்துக்கு வேண்டாம். ஆட்கள் கேட்க ஆரம்பித்துவிடுகிறார்கள்" என்றார்.

அவர் சொன்ன காரணம் முழு உண்மை. அதனால்தான் எனக்கு இன்னும் கோபம். இசை ஓய்வாக இருக்கிறது, பாடுகிறவர் ஓய்வாக இல்லை. கோயிலிலும் தேவாலயத்திலும் பாடி வளர்ந்தவர்களின் குரலைச் சுவருக்குப் பூசும் வண்ணமாக்க முடியாது.

கோடம்பாக்கம், சென்னை

நான் இடக்கை கிட்டார்க்காரன். வோமாக்கிடம் நான் வந்த வழி அதுதான்.

கிளீவ்லாந்தில் எஃகு ஆலையில் வேலை செய்த அப்பா, தன் கிட்டாரைப் பிள்ளைகள் தொடக்கூடாது என்று வைத்திருந்தார். எட்டு வயது பாபி ரகசியமாக வாசித்து ஒரு தந்தியை அறுத்துவிட்டு, அந்த இடத்தில் ஷூ லேஸைக் கட்டிவைத்தான். பிடிபட்டதும் அப்பா வாசித்துக் காட்டச் சொன்னார். கேட்டுவிட்டு, அடிப்பதற்குப் பதிலாக அவனுக்கென்றே ஒரு கிட்டார் வாங்கித் தந்தார். இடக்கைக்காரர்களுக்குத் தந்திகளை மாற்றிக் கட்டலாம் என்பது தெரியாததால், வலக்கை கிட்டாரை அப்படியே தலைகீழாகத் திருப்பிப் பிடித்துக் கற்றுக்கொண்டான். கடைசிவரை அப்படித்தான் வாசித்தார்.

இதனால் என்ன ஆகும் என்று வாசிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். தடித்த தந்தி தரைப்பக்கம் போய்விடுகிறது, மெல்லிய தந்தி மேலே வந்துவிடுகிறது. கையைக் கீழ்நோக்கி இழுத்தால் நமக்கெல்லாம் தடித்த தந்திதான் முதலில் பேசும். அவருக்கு மெல்லிய தந்தி முதலில் பேசும். நாம் மேலே தள்ளி வளைக்கிற சுரத்தை அவர் கீழே இழுத்து வளைப்பார். மெம்ஃபிஸ் அமெரிக்கன் சவுண்ட் ஸ்டூடியோவில் பிறருடைய பாட்டுகளுக்கு அவர் வாசித்தவற்றை நோட்டேஷன் பார்த்து வாசித்தால் அந்தச் சாயல் வராததற்குக் காரணம் இதுதான். சுரம் சரியாக இருக்கும், உரசல் வராது.

எனக்கு முதலில் சொல்லித்தந்தவர் என் கையைப் பார்த்துவிட்டு, வலக்கைக்கு மாறினால்தான் பாடம் என்றார். பல மாதம் மாறி வாசித்துப் பார்த்து விட்டுவிட்டேன். இந்த ஆல்பத்தில் 'டீப் ரிவர்' என்ற பழைய ஆன்மிகப் பாட்டு இருக்கிறது. எலக்ட்ரானிக் எதுவும் கிடையாது. ஒரு கிட்டார், அவர் குரல், அவ்வளவே. இரண்டு நிமிடம்கூட இருக்காது. ஹெட்ஃபோனில் கேட்டால் விரல் தந்தியில் நகரும் சத்தம் தெரிகிறது. அதைக் கேட்ட அன்று கிட்டாரைத் திருப்பிப் பிடித்தேன். இப்போது அப்படித்தான் வாசிக்கிறேன். யார் என்ன சொன்னாலும் மாற்றப்போவதில்லை.

பாரிஸ்

நான் மாறுபடுகிறேன், மன்னியுங்கள். 1981இல் வந்த வோமாக்கின் 'தி போயட்' இசைத்தட்டைத் தேயத் தேயக் கேட்டவன் நான். அதில் டிரம்ஸ் வாசித்தவர் பாடகரின் மூச்சைப் பார்த்து வாசிக்கிறார். பாடகர் ஒரு சொல்லைத் தாமதித்தால் தாளமும் அவருக்காகக் காத்திருக்கிறது. இந்த ஆல்பத்தில் இயந்திரம் காத்திருக்கவில்லை. அமெரிக்கப் பாடகி லானா டெல் ரே பாடும் பாட்டு எனக்கு ஒட்டவே இல்லை. மாலியின் ஃபாட்டுமாட்டா டியவாரா பாடியதை மட்டும் திரும்பக் கேட்கிறேன். அங்கே இரண்டு குரல்களும் ஒன்றையொன்று கேட்கின்றன.

பர்மிங்காம்

பாரிஸ் ஐயாவின் வருத்தம் புரிகிறது. ஆனால் இயந்திரத் தாளத்தோடு ஒரு முதிய குரல் சேரும்போது என்ன கிடைக்கும் என்பதை நான் முன்பே வேறொருவரிடம் பார்த்திருக்கிறேன். இந்தத் திரியில் அவர் பெயர் வராமல் போகக்கூடாது.

டெர்ரி கேலியர். சிகாகோப் பாடகர், சோல் இசைக்கலைஞர் கர்ட்டிஸ் மேஃபீல்டின் சிறுவயதுத் தோழர். எழுபதுகளில் அருமையான ஆல்பங்கள் செய்தும் விற்பனை இல்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் மகளை வளர்ப்பதற்காக இசையை விட்டுவிட்டு, சிகாகோ பல்கலைக்கழகத்தில் கணினி நிரல் எழுதும் வேலைக்குப் போனார். இங்கே பிரிட்டனில் டிஜேக்கள் அவருடைய பழைய தட்டுகளைத் தேடிப்பிடித்து நடனக்கூடங்களில் போட ஆரம்பித்தார்கள். லண்டனிலிருந்து அழைப்பு வந்தபோது நம்பவே முடியவில்லையாம். அதன்பின் அலுவலக விடுமுறையில் விமானம் ஏறி வந்து பாடிவிட்டு, திரும்பிப் போய் வேலையில் உட்காருவார். 1998இல் 'டைம்பீஸ்' ஆல்பம் வெளிவந்து கவனம் பெற்ற பிறகுதான் அலுவலகத்துக்கு விஷயம் தெரிந்தது, வேலையும் போனது.

கேம்டனில் ஜாஸ் கஃபேயில் அவரைக் கேட்டிருக்கிறேன். சிறிய இடம், நான் நின்றது மேடையை ஒட்டி. பாட்டுக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு கிட்டாரில் ஒரே சுரக்கோவையைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டே இருந்தார். அரங்கம் தானாக அடங்கும்வரை பாடத் தொடங்கவில்லை. 2006இல் மாசிவ் அட்டாக் என்ற எலக்ட்ரானிக் இசைக் குழுவுக்காக அவர் பாடிய 'லிவ் வித் மீ' பாட்டிலும் அதே பொறுமை. தாளம் காத்திருக்காது என்பது உண்மைதான் ஐயா. தாளம் போகட்டும் என்று விட்டுவிட்டுப் பின்னால் நிதானமாக வருகிறாரே, அந்த இடைவெளியில்தான் எனக்குக் கண் கலங்கியது. வோமாக்கிடமும் நான் கேட்பது அதைத்தான்.

ஹாரோ, லண்டன்

எல்லோருக்கும் நன்றி. பாரிஸ் ஐயாவுக்கு லானா டெல் ரே பாட்டைப் பற்றி மட்டும் ஒன்று. அதன் தொடக்கத்தில் ஒரு பேச்சுக்குரல் வருகிறதே, அது சோல் பாடகர் சாம் குக். வயது ஏற ஏறப் பாடகனின் புரிதல் ஆழமாகிறது, வாழ்ந்ததைப் பாட்டில் சொல்லத் தொடங்குகிறான் என்கிற பொருளில் பேசுகிறார். வோமாக் சகோதரர்களைக் கண்டுபிடித்துத் தன் நிறுவனத்தில் பாடவைத்தவர் சாம் குக். 1964 டிசம்பரில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். சில மாதங்களிலேயே அவருடைய மனைவி பார்பராவை பாபி மணந்துகொண்டார். ரசிகர்களும் குக் குடும்பமும் நெடுங்காலம் அதை மன்னிக்கவில்லை. இந்த வரலாறு தெரிந்தபின் மன்னிப்பைப் பற்றிய ஆல்பத்தில் அந்தக் குரலைக் கேட்டுப் பாருங்கள். முப்பத்து மூன்று வயதோடு நின்றுவிட்டவர் முதுமையைப் பற்றிச் சொல்கிறார். அந்த முதுமையை அடைந்தவர் அடுத்துப் பாடுகிறார். இதைச் சேர்த்தவர் யாராக இருந்தாலும் பெரிய மனசுக்காரர்.

ஆல்பம் வந்த அடுத்த ஆண்டு தொடக்கத்தில், பெயர்களும் தன் பாட்டு வரிகளும் மறக்கத் தொடங்கிவிட்டன என்று வோமாக்கே சொன்னார். 2014 ஜூன் 27 அன்று காலமானார். இன்னொரு ஆல்பம் திட்டத்தில் இருந்தது, வெளிவரவில்லை.

புதிதாகக் கேட்க நினைத்துத் தனிச்செய்தியில் விசாரித்த சகோதரிக்கு: 'ப்ளீஸ் ஃபர்கிவ் மை ஹார்ட்' பாட்டில் தொடங்குங்கள், பிறகு 'டீப் ரிவர்', அதன்பின் முழு ஆல்பத்தையும் வரிசையாக. கைப்பேசி ஸ்பீக்கரில் வேண்டாம், பேஸ் முழுவதும் காணாமல் போய்விடும். பிடித்திருந்தால் 'தி போயட்' பக்கம் போங்கள். எந்தப் பாட்டு முதலில் என்று பாரிஸ் ஐயா சொல்வார்.