எல்லைக்கோட்டின் அவசரம்தான் இத்தனை பிணக்குகளுக்கும் காரணமா?

கேள்வி – வரலாற்று மாணவர்:
அதுவரை இந்தியாவுக்கே வந்திராத பிரிட்டிஷ் வழக்கறிஞர் சிரில் ராட்கிளிஃப், 1947 ஜூலை 8 அன்று வந்திறங்கி, ஏறத்தாழ ஐந்தே வாரங்களில் பஞ்சாபையும் வங்காளத்தையும் பிரித்துக் கோடு வரைந்தார். அந்தத் தீர்ப்போ, சுதந்திரம் கிடைத்து இரண்டு நாள் கழித்து, ஆகஸ்ட் 17 அன்றுதான் வெளியானது. இன்றுவரை நீடிக்கும் பிணக்குகளுக்கு இந்த அவசரம்தான் காரணமா, அல்லது பின்வந்த அரசுகளுக்கு அது வசதியான சாக்காகிவிட்டதா?

பதில் – பாசனத் துறையில் இருந்தவர்:
வரைபடத்தை விட்டுவிட்டு வாய்க்காலைப் பாருங்கள். பஞ்சாபின் கால்வாய்களை ஆங்கிலேயர் ஒரே நிர்வாகத்தின்கீழ் இயங்கும்படி அமைத்திருந்தார்கள். பிரிவினையில் ராவி ஆற்றின் மாதோப்பூர் தலைமதகும் சட்லெஜின் ஃபிரோஸ்பூர் தலைமதகும் இந்தியாவுக்கு வந்தன. அவற்றின் நீரை நம்பியிருந்த நிலத்தில் கணிசமான பகுதி பாகிஸ்தானுக்குப் போயிற்று. பழைய நிலையே தொடரும் என்ற தற்காலிக ஒப்பந்தம் 1948 மார்ச் 31 அன்று முடிவடைய, மறுநாளே கிழக்குப் பஞ்சாப் அரசு தண்ணீரை நிறுத்தியது. மே 4 அன்று ஏற்பட்ட உடன்பாட்டையொட்டி நீர் மீண்டும் விடப்பட்டாலும், விதைப்பு நேரத்தில் கால்வாய் வறண்டதைக் கண்ட அச்சம் பாகிஸ்தானை விட்டு அகலவில்லை. உலக வங்கியின் முயற்சியில் 1960இல் கையெழுத்தான சிந்து நதிநீர் ஒப்பந்தம் 1965, 1971 போர்களையும் தாண்டி நின்றது. பஹல்காம் தாக்குதலுக்குப் பின் 2025 ஏப்ரலில்தான் இந்தியா அதை நிறுத்திவைத்தது. மதகையும் வயலையும் பிரித்தது ராட்கிளிஃப்தான். மதகை மூடியது அவரல்ல.

பதில் – வடவங்க வாசகர்:
மேற்கு வங்கத்தின் கூச்பிகார் எல்லையில், அடுத்த நாட்டு மண்ணால் சூழப்பட்டிருந்த நிலத்திட்டுகளுக்கு ராட்கிளிஃபையும் குறைசொல்ல முடியாது. அவை முகலாயர் காலத்து எச்சங்கள். வங்காளதேச ஊருக்குள் இந்திய ஊர், அதற்குள் வங்காளதேச நிலம், அதற்குள்ளும் ஓர் இந்தியச் சணல் வயல் என்றுகூட ஒன்று இருந்தது. இந்திரா காந்தியும் முஜிபுர் ரஹ்மானும் 1974இலேயே தீர்வுக்கு ஒப்பமிட்டார்கள். வங்காளதேசம் அதே ஆண்டில் ஒப்புதல் அளித்தது. இந்திய நாடாளுமன்றம் அரசியல் சட்டத்தைத் திருத்தி 162 திட்டுகளையும் மாற்றிக்கொள்ள வழிசெய்ததோ 2015இல்! அதுவரை அங்கு வாழ்ந்தவர்களுக்கு வாக்குரிமைகூட இல்லை. இந்தத் தாமதத்தை எந்த வெள்ளைக்காரர் கணக்கில் எழுதுவது?

பதில் – மற்றொரு வாசகர்:
அவசரம்தான் காரணம் என்றால், ஆப்கானிஸ்தானுக்கும் இன்றைய பாகிஸ்தானுக்கும் இடையிலான டூரண்ட் எல்லைக்கோட்டை என்னவென்பது? 1893இல் உடன்பாடு செய்து, ஆண்டுக்கணக்கில் அளந்து நட்ட எல்லை அது. இருந்தும் 1947இல் ஐ.நா.வில் பாகிஸ்தானைச் சேர்ப்பதை எதிர்த்து வாக்களித்த ஒரே நாடு ஆப்கானிஸ்தான். பஷ்தூன் மக்களைக் கேளாமல் நடுவே போட்ட கோட்டை, நிதானமாகப் போட்டாலும் காபூல் ஏற்கவில்லை.