வெள்ளத்தில் நின்ற கார்: ஸ்டார்ட் செய்யும் முன் என்ன பார்க்கணும்?

கேள்வி: வேளச்சேரியில் நிறுத்தியிருந்த பெட்ரோல் கார். பானட் வரை தண்ணீர் ஏறி ஒரு நாள் நின்றது. இன்னும் சாவி போடவில்லை. டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) இன்ஜின் ஆயில் பால் காபி நிறத்தில் இருக்கு. எங்கே தொடங்குவது?

பதில் 1: சாவி போடாததுதான் இன்ஜினைக் காப்பாற்றியிருக்கு. முதலில் பேட்டரி மைனஸ் கேபிளைக் கழற்றுங்க. ஏர் ஃபில்டர் நனைந்திருந்தால் சிலிண்டருக்குள்ளும் தண்ணீர் இருக்கும்னு வெச்சுக்கங்க. தண்ணீர் அமுங்காது; ஸ்டார்ட்டர் சுற்றினால் கனெக்டிங் ராடு (பிஸ்டனை கிராங்கோடு இணைக்கும் தண்டு) வளைஞ்சிடும். நியூட்ரலில் வைத்து, எல்லா ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, கிராங்க் புல்லி (இன்ஜின் தண்டின் முனையில் பெல்ட் ஓடும் சக்கரம்) போல்ட்டில் ஸ்பேனர் போட்டு கையால் சுற்றுங்க. பிளக் துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சும், முகத்தைத் தள்ளி வைங்க. இடையில் இறுகினால் பலம் கொடுக்காதீங்க.

பதில் 2: அந்த நிறம் ஆயிலில் தண்ணீர் கலந்ததுதான். இன்ஜின் அடியில் ஆயிலை வடிக்கும் ட்ரெயின் போல்ட்டைத் திறந்தால் தண்ணீர் முதலில் வரும், அடியில் தங்குவது அதுதானே. ஆயில், ஆயில் ஃபில்டர் இரண்டையும் மாற்றி, 10 நிமிஷம் ஐடிலில் (ஆக்ஸிலரேட்டர் மிதிக்காமல்) ஓட்டி, மறுபடி இரண்டையும் மாற்றுங்க. அப்பவும் வெளுத்திருந்தால் இன்னொரு முறை. கியர் பாக்ஸ் ஆயிலைப் பலரும் விட்டுடறாங்க. ப்ரீதர் (காற்று போகும் சிறு துளை) வழியே அங்கேயும் தண்ணீர் போகும்.

பதில் 3: எதையும் கழற்றும் முன் தண்ணீர்க் கறை தெரிய போட்டோ எடுத்து இன்ஷூரன்ஸுக்குச் சொல்லுங்க. ஓடிய பிறகு கம்ப்ரஷன் டெஸ்ட் (ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தை அளப்பது) அவசியம். ஒரு சிலிண்டரில் மட்டும் அழுத்தம் குறைந்தால் ராடு வளைந்திருக்கலாம்.