டேஷ்ல 15.8, கணக்கு போட்டா 13.4: டீசல் பிக்கப் மைலேஜ்ல எதை நம்புறது?

கேட்டி_டீசல்:

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு மாசம் முன்னாடி யூஸ்டுல ஒரு முக்கால் டன் (ஹெவி டியூட்டி வகை) டீசல் பிக்கப் எடுத்தேன், 2019 மாடல், க்ரூ கேப், ஃபோர் வீல் டிரைவ். என்ன பிராண்டுன்னு சொல்லமாட்டேன், சொன்னா கேள்விய விட்டுட்டு அதுக்கே அடிச்சுக்குவீங்க. ஹூஸ்டன் பக்கம் இருக்கேன், வாரத்துல அஞ்சு நாள் வீட்டுலேருந்து ஆபீஸ் 7 மைல், மாசத்துக்கு ஒரு தடவை 24 அடி டிராவல் டிரெய்லர இழுத்துட்டு குடும்பத்தோட கேம்பிங் போவோம், அதுக்குத்தான் வண்டியே வாங்கினது.

டேஷ்போர்டுல ஆவரேஜ் 15.8 எம்பிஜின்னு (கேலனுக்கு எத்தன மைல்னு) காட்டுது. போன வாரம் பெட்ரோல் பங்குல ஃபுல் பண்ணி பார்த்தேன், 144 மைலுக்கு 10.75 கேலன் போச்சு, அதாவது 13.4. ரெண்டுக்கும் நடுவுல இவ்ளோ வித்தியாசமா? வித்த டீலர்கிட்ட கேட்டா "ஹைவேல 22 குடுக்கும் சார்"னு சிரிச்சிக்கிட்டே சொல்றாரு. சரி புது வண்டி ஜன்னல்ல ஒட்டற ஸ்டிக்கர்ல என்னதான் போட்டிருக்குன்னு நெட்ல தேடி எடுத்தா மைலேஜ் இருக்கவேண்டிய எடமே இல்ல. ஆபீஸ்ல ஒருத்தன் டிபிஎஃப (எக்ஸாஸ்ட்ல கரிய புடிக்கற ஃபில்டர்) கழட்டி எறி, 3 எம்பிஜி ஏறும்ங்கறான். இன்ஜெக்டர் (இன்ஜினுக்குள்ள டீசல பீச்சற பாகம்) ஏதாச்சும் போயிருக்குமோன்னு பயமா இருக்கு, அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க.

ஹைவே_மச்சான்:

ப்ரோ மொதல்ல பயத்த விடுங்க. ஸ்டிக்கர்ல நம்பர் இல்லாததுக்கு காரணம், மொத்த எடை ரேட்டிங் 8,500 பவுண்டுக்கு மேல போற பிக்கப்புக்கு மைலேஜ் லேபிள் ஒட்டணும்னு இங்க ரூலே கிடையாது. உங்க வண்டியோட ரேட்டிங் 10,000 பவுண்ட் கிட்ட இருக்கும், டிரைவர் கதவ தொறந்தா ஓரத்துல ஒட்டியிருக்கும் பாருங்க. இன்ஜின் கம்மின்ஸ், பவர் ஸ்ட்ரோக், 6.6 டியூராமேக்ஸ் எதுவா இருந்தாலும் இதே கதைதான். ஒரு படி சின்ன அரை டன் பிக்கப்புல வர்ற 3 லிட்டர் டீசலுக்கு இபிஏ (அரசாங்க சுற்றுச்சூழல் துறை) நம்பர் இருக்கும், அத பார்த்துட்டு வந்து நிறைய பேர் நம்ம வண்டியும் அப்படித்தான்னு நெனச்சு ஏமாந்துடறாங்க. அதனால 22ன்னு யார் வேணா சொல்லலாம், யாரும் கேக்க முடியாது.

அடுத்தது உங்க கணக்கு. 10.75 கேலன் அடிச்சு பார்த்த கணக்கு கணக்கே இல்ல. டீசல் நுரைக்கும்ல, நாஸில் டக்குனு கட் ஆயிடும், ரெண்டு நிமிஷம் நின்னு நுரை அடங்கினப்புறம் மறுபடி அமுக்கினா இன்னும் முக்கா கேலன் ஒரு கேலன் உள்ள போவும். போன தடவை ஒரு மாதிரி நின்னு இந்த தடவை வேற மாதிரி நின்னா ஒரு கேலன் முன்ன பின்ன ஆயிடும். அந்த ஒரு கேலன உங்க 144 மைல்ல வெச்சு பாருங்க, 12.3லேருந்து 14.8 வரைக்கும் எது வேணா வரும். என் வழக்கம் என்னன்னா எப்பவும் ஒரே பங்கு, முடிஞ்சா அதே பம்பு, கால் டேங்குக்கு கீழ வந்தப்புறம்தான் அடிப்பேன், மொத கட் ஆனதும் கைய எடுத்துட்டு கண்ணாடி எல்லாம் தொடைச்சு முடிச்சிட்டு மெதுவா ரெண்டாவது கட் வரைக்கும் அடிப்பேன். அப்படி மூணு டேங்க் எழுதி வெச்சு மொத்த மைல மொத்த கேலனால வகுங்க. டேஷ் என்னோட வண்டிலயும் 1லேருந்து 1.5 வரைக்கும் தூக்கித்தான் காட்டுது, அது இன்ஜெக்டர் எவ்ளோ பீச்சியிருக்கும்னு கம்ப்யூட்டர் போடற உத்தேசம், அவ்ளோதான்.

ஒரு கேள்வி, டயர் கம்பெனி சைஸா?

கேட்டி_டீசல்:

இல்ல ப்ரோ, பழைய ஓனர் 35 இஞ்ச் போட்டு வெச்சிருக்காரு. கம்பெனி சைஸ் 33 சொச்சம்.

மினசோட்டா_மாப்ள:

அங்கதான் பாதி விஷயம் இருக்கு. டயர் பெருசானா ஒரு சுத்துக்கு வண்டி ஜாஸ்தி தூரம் போவும், ஆனா ஓடோமீட்டர் பழைய டயர்னே நெனச்சு எண்ணும். நீங்க 150 மைல் ஓடியிருப்பீங்க, அது 144னு சொல்லும். ஹைவே ஓரத்துல மைல் மார்க்கர் நட்டிருப்பாங்கல்ல, 50 மைல் அத பார்த்து ஓட்டி டிரிப் மீட்டர் என்ன காட்டுதுன்னு பாருங்க. ஒண்ணு கவனிங்க, டேஷும் அதே ஓடோமீட்டர வெச்சுத்தான் மைலேஜ் கணக்கு போடுது, அதனால டேஷுக்கும் உங்க கணக்குக்கும் இருக்கற வித்தியாசத்துக்கு டயர் காரணம் இல்ல, ரெண்டுமே சேர்ந்து கம்மியா காட்டுதுன்னு அர்த்தம். அதுக்காக 35 டயரால லாபம்னு நெனச்சுடாதீங்க, அது கனம், காத்தும் அடில நிறைய மாட்டும், அந்த கேலன் எல்லாம் நெசமாவே போவுது.

அடுத்தது அந்த 7 மைல் ஆபீஸ். எனக்கும் வேலை 6 மைல்தான், அனுபவத்துல சொல்றேன், இதுதான் வில்லன். இவ்ளோ பெரிய டீசல் இன்ஜின் சூடாகறதுக்குள்ள ஆபீஸ் வந்துடும். இங்க குளிர்காலத்துல இன்னும் மோசம், பிளாக் ஹீட்டர் (இன்ஜின கரண்ட்ல சூடா வெக்கறது) ராத்திரி பூரா சொருகி வெச்சாலும் காலைல பத்து நிமிஷம் ஐடில்ல நிக்கும், பங்குல குளிர்ல சுலபத்துல உறையாத நம்பர் ஒன் டீசல் கலந்து விப்பாங்க, அதுல சக்தியே கம்மி. கோடைல 17 குடுக்கற வண்டி ஜனவரில 13.5க்கு வந்து நிக்கும். மொத வருஷம் நானும் உங்கள மாதிரி இன்ஜெக்டர்னு பதறி ஷாப்புக்கு ஓடினேன், 180 டாலர் வாங்கிட்டு ஒண்ணும் இல்லன்னு அனுப்பிட்டாங்க.

அப்புறம் ரீஜென். டிபிஎஃப்ல கரி சேர்ந்ததும் அத எரிக்கறதுக்கு எக்ஸாஸ்ட் சூட்ட ஏத்தணும், அதுக்கு கூடுதலா டீசல் பீச்சும். நேர் ரோட்டுல 65ல போயிட்டிருக்கும்போது இன்ஸ்டன்ட் மைலேஜ் 19லேருந்து திடீர்னு 13க்கு எறங்கி ஒரு இருபது நிமிஷம் அங்கேயே கெடந்தா அதான் ரீஜென். எறங்கி பின்பக்கம் வந்தீங்கன்னா சுட்ட இரும்பு மாதிரி ஒரு நாத்தம், ஃபேன் வேற ஓன்னு கத்தும். ஹைவேல போனா ஒரே மூச்சுல முடிஞ்சிடும். 7 மைல்ல பாதில ஆஃப் பண்ணிட்டு போயிட்டா சூடேத்த எரிச்ச டீசல் தண்டம், சாயந்திரம் மறுபடி சூடேத்தறதுலேருந்து ஆரம்பிக்கும். ரீஜென் ஓடறது தெரிஞ்சா வீட்டுக்குள்ள விடாதீங்க, ஒரு ரவுண்டு ஹைவேல போயிட்டு வாங்க.

டிபிஎஃப் கழட்ற பேச்சே வேணாம். க்ளீன் ஏர் ஆக்ட் படி சட்டவிரோதம், வாரன்டி போவும், டீசலுக்கும் எமிஷன் டெஸ்ட் இருக்கற எடத்துல ரெஜிஸ்ட்ரேஷனும் நிக்கும், நாளைக்கு டிரேட் இன் பண்ண போனா நெறைய டீலர் தொடவே மாட்டான்.

பெட்ரோல்_பரமு:

யாரும் கோச்சுக்காதீங்க, ஒரு கணக்கு சொல்றேன். வருஷம் 12,000 மைல் ஓட்டறவர்னு வெச்சுப்போம். பெட்ரோல் முக்கால் டன் 13 குடுத்தா 923 கேலன், டீசல் 16 குடுத்தா 750 கேலன். பெட்ரோல் 3 டாலர், டீசல் 3.60னு போட்டா 2,769க்கு 2,700. வருஷத்துக்கு 69 டாலர் மிச்சம்! புதுசுல டீசல் இன்ஜினுக்கு மட்டும் சுமார் 10,000 டாலர் எக்ஸ்ட்ரா. டிஇஎஃப் (எக்ஸாஸ்ட் புகைய சுத்தம் பண்ண ஊத்தற திரவம்) தனி, ஃப்யூல் ஃபில்டர் தனி, ஆயில் மாத்தினா மூணு கேலன் ஊத்தணும். ஒரு கேலன் டீசல்ல பெட்ரோல விட 14 சதவீதம் கிட்ட சக்தி ஜாஸ்தி இருக்கு, அதனால மைலேஜ் ஏற்றதுல ஒரு பங்கு இன்ஜின் சாமர்த்தியமே இல்ல, எண்ணெய்லயே இருக்கு. மைலேஜுக்காக டீசல் எடுத்தேன்னு யாராச்சும் சொன்னா எனக்கு சிரிப்புத்தான் வரும்.

ஹைவே_மச்சான்:

பரமு அண்ணே கணக்கு சரி, ஆனா டிரெய்லர மாட்டிட்டு கொலராடோ மலைல ஐ-70 ஹைவேல ஐசன்ஹவர் டனலுக்கு ஏறி பாருங்க, 11,000 அடிக்கு மேல. காத்து கம்மியான எடத்துல டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின் 5,000 ஆர்பிஎம்ல அலறும், நான் 2,000 சொச்சத்துல பாட்டு கேட்டுட்டு போவேன். எறங்கும்போது எக்ஸாஸ்ட் பிரேக் (எக்ஸாஸ்ட அடைச்சு இன்ஜினாலயே வேகத்த கொறைக்கறது) புடிச்சுக்கும், கால் பிரேக்க தொடறதே அபூர்வம். டீசலுக்கு காசு குடுக்கறது அதுக்கு, மைலேஜுக்கு இல்ல, அத நானும் ஒத்துக்கறேன்.

கேட்டி ப்ரோ, ஹைவேல எவ்ளோ ஸ்பீடு போவீங்க?

கேட்டி_டீசல்:

டெக்சாஸ் சார் இது, 75க்கு கீழ போனா பின்னாடி வர்றவன் லைட் அடிக்கறான்.

ஹைவே_மச்சான்:

அப்ப 35 டயரோட நெசமா 79. இந்த வண்டி மூஞ்சிய பாருங்க, செவுரு மாதிரி நிக்குது. 65லேருந்து 75க்கு போனாலே காத்து தள்ற பலம் மூணுல ஒரு பங்கு ஏறிடும். டிரெய்லரும் அப்படித்தான், சமவெளில வெயிட்ட விட அதோட முன்பக்க அகலமும் உயரமும்தான் மைலேஜ திங்கும். எங்கிட்ட ஒரு தட்டை டிரெய்லர் இருக்கு, அதுல டிராக்டர ஏத்தி 9,000 பவுண்ட் இழுத்தா 13 வருது, மச்சினனோட 6,000 பவுண்ட் டிராவல் டிரெய்லர் இழுத்தா 10க்கு மேல ஏற மாட்டேங்குது. டெயில்கேட்ட எறக்கி விட்டு ஓட்டினா ஏறும்னு எவனாச்சும் சொல்வான், கேக்காதீங்க, மூடி இருக்கும்போதுதான் காத்து பெட்டுக்குள்ள சுழண்டு மேல வழுக்கிட்டு போவும்.

கேட்டி_டீசல்:

மூணு வாரம் கழிச்சு வரேன், மன்னிக்கணும். சொன்ன மாதிரியே ஒரே பங்கு ஒரே பம்பு ரெண்டாவது கட் வரைக்கும். மொதல்ல மைல் மார்க்கர் டெஸ்ட், 50 மைலுக்கு டிரிப் மீட்டர் 47.5 காட்டுச்சு, ஆக சுமார் 5 சதவீதம் முழுங்குது. கீழ இருக்கறதெல்லாம் அத சரி பண்ணின மைல்.

சான் அன்டோனியோ போயிட்டு வந்தது, ஜிபிஎஸ் பார்த்து 62ல க்ரூஸ் போட்டு, 412 மைலுக்கு 22.5 கேலன், 18.3 வந்துச்சு. வலது லேன்ல லாரிக்கு பின்னாடி ஊர்ந்து போனதுல சம்சாரம் நடந்தே போயிருக்கலாம்னு சொன்னா. அடுத்த வாரம் அதே ரோட்டுல 75ல 15.1, ஆனா நடுவுல ஒரு ரீஜென் வந்துச்சு (அந்த நாத்தம், அய்யோ, டயர் எரியுதுன்னு நெனச்சு ஓரங்கட்டிட்டேன்), அதனால அத இன்னொரு தடவை பார்க்கணும். வெறும் ஆபீஸ் வீடு மட்டும் ஓடின டேங்க் 11.9. டிரெய்லரோட 65ல 10.2. டேஷ் நாலு தடவையும் 1.3லேருந்து 1.6 வரைக்கும் கூட்டித்தான் காட்டுச்சு.

இன்ஜெக்டர் நல்லாத்தான் இருக்கு. ஆபீஸுக்கு இனிமே சம்சாரத்தோட பழைய கொரோலாதான். 35 டயர் இன்னும் பாதி தேய்மானம் பாக்கி இருக்கு, இப்பவே கழட்டி கம்பெனி சைஸ் போட்டா 62ல எவ்ளோ ஏறும், யாராச்சும் மாத்தி பார்த்திருக்கீங்களா?

மினசோட்டா_மாப்ள:

எனக்கு ஒண்ணேகால் எம்பிஜி ஏறுச்சு, டயருக்கு 1,400 டாலர் ஆச்சு. நீங்களே வகுத்து பார்த்துக்கங்க ப்ரோ, நான் பார்க்கல, பார்த்தா தூக்கம் வராது.