வீடு கட்டும்போது இன்ஷூரன்ஸ்: கிளெய்ம் வந்த இடங்களில் பார்த்தவை

கட்டுமான ஆலோசகர், கோவை:
வீடு கட்டுபவரிடம் "இன்ஷூரன்ஸ் இருக்கா?" என்று கேட்டால் மூன்று பதிலில் ஒன்று வரும். "பேங்க்லயே போட்டுட்டாங்க." "பிளான் அப்ரூவல் அப்பவே 1 சதவீதம் கட்டிட்டேனே." "காண்ட்ராக்டர் வச்சிருக்கார்." வீட்டுக் கடனோடு வங்கியில் தலையில் கட்டுவது பெரும்பாலும் கடன் வாங்கியவரின் ஆயுளுக்கான பாலிசி. நேற்று போட்ட தளம் இடிந்தால் அதிலிருந்து ஒரு ரூபாய் வராது. 1 சதவீதம் என்பது கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்துக்குப் போகும் நிதி. பதிவு செய்த தொழிலாளிக்கு வாரியம் உதவித்தொகை தரும், அவ்வளவுதான். வேலை கொடுத்தவரின் இழப்பீட்டுப் பொறுப்பை அது தீர்க்காது. மூன்றாவது பதிலில்தான் சண்டையே. என்ன பாலிசி, யார் பெயரில், எவ்வளவுக்கு, எந்தத் தேதி வரை? கிளெய்ம் வந்தபோது எது உதவியது, எது கைவிட்டது என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

வழக்கறிஞர், மதுரை:
ஆள் விபத்திலிருந்து தொடங்குகிறேன், பெரிய தொகை அங்கேதான். வேலையில் இறந்தால் இழப்பீட்டுக்கு மாதச் சம்பளத்தில் பாதியை, வயதுக்கு ஏற்பச் சட்ட அட்டவணையில் உள்ள காரணியால் பெருக்க வேண்டும். 2020 ஜனவரி 3 அறிவிப்பின்படி கணக்கில் எடுக்கும் சம்பளத்துக்கு உச்சம் 15,000 ரூபாய். 30 வயதுக்குக் காரணி 207.98. ஆக 7,500 × 207.98 = 15,59,850 ரூபாய். இன்றைய கூலிக்குக் கொத்தனார் எவரும் அந்த உச்சத்தைத் தொட்டுவிடுவார். பணம் சேரவேண்டிய நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் செலுத்தாவிட்டால் 12 சதவீத வட்டி, அதற்கு மேல் 50 சதவீதம் வரை அபராதம். அபராதத்தை இன்ஷூரன்ஸ் கம்பெனி ஏற்காது, வேலை கொடுத்தவர் கைக்காசுதான். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் இடத்தில் 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் அமலில் இருக்கிறது. பாதிச் சம்பளம் பெருக்கல் காரணி என்ற கணக்கு அதிலும் தொடர்கிறது.

வீட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. மேஸ்திரியைப் பிடித்து, ஆட்களுக்கு வாரக்கூலியை நீங்களே சனிக்கிழமை எண்ணிக் கொடுத்தால் முதலாளி நீங்கள்தான் என்று வாதிட அதுவே போதும். "தினக்கூலி ஆள்தானே, தற்காலிக வேலைதானே" என்ற வாதம் 2000-ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு போய்விட்டது.

பாலிசி ஏஜென்ட், சேலம்:
வக்கீல் சார் சொன்னதற்குத்தான் டபிள்யூ.சி. பாலிசி, அதாவது தொழிலாளர் இழப்பீட்டுக்கான (Workmen's Compensation) பாலிசி. இதில் மூன்று இடத்தில் அடி வாங்குகிறார்கள்.

ஒன்று, ஆள் கணக்கு. பிரீமியத்தைக் குறைக்க 6 பேர் என்று எழுதுவார்கள், தளம் போடும் நாளில் 20 பேர் நிற்பார்கள். விபத்து நடந்ததும் முதலில் கேட்பது வருகைப் பதிவேடும் கூலிப் பட்டியலும்தான். பாலிசியில் சொன்ன எண்ணிக்கைக்கும் அதற்கும் ஒத்துவராவிட்டால் பணம் குறையும், இல்லை கேஸ் இழுக்கும்.

இரண்டு, சப் காண்ட்ராக்ட். சென்ட்ரிங், கம்பி கட்டு, எலக்ட்ரிக்கல், பெயிண்டிங் எல்லாம் வேறு வேறு ஆள். மெயின் காண்ட்ராக்டரின் பாலிசி அவருடைய நேரடி ஆட்களுக்கு மட்டும் இருக்கும். சாரத்திலிருந்து விழுபவர் பெரும்பாலும் சென்ட்ரிங்காரரின் ஆளோ பெயிண்டரோதான். சப் காண்ட்ராக்டர் ஆட்களும் அடக்கம் என்று தனியாக எழுதி வாங்க வேண்டும்.

மூன்று, மருத்துவச் செலவு. அதைக் கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்க்க வேண்டியிருக்கும், அதற்கும் ஒரு உச்சவரம்பு உண்டு. முதுகெலும்பு உடைந்து ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தால் அந்த வரம்பு எந்த மூலைக்கு?

சிறு காண்ட்ராக்டர், திண்டுக்கல்:
லேபர் காண்ட்ராக்டில் சிமென்ட், கம்பி, ஜல்லி எல்லாம் ஓனர் வாங்கித் தருகிறார். அப்போது கட்டடத்துக்கான பாலிசியை நாங்கள் எவ்வளவுக்கு எடுப்பது? கூலித் தொகைக்கா?

இழப்பு மதிப்பீட்டாளர், திருச்சி:
கூலித் தொகைக்கு எடுக்காதீர்கள் ஐயா. கட்டும் காலத்தில் கட்டடத்துக்கு வரும் சேதத்துக்கான சி.ஏ.ஆர். (Contractors' All Risks) பாலிசியில் காப்புத் தொகை என்பது வேலை முழுதும் முடிந்தபின் நிற்கும் கட்டடத்தின் மதிப்பு, ஓனர் வாங்கித் தரும் பொருளையும் சேர்த்து. மொத்த மதிப்பு 60 லட்சம், கூலி 18 லட்சம், பாலிசி 18 லட்சத்துக்கு என்று வையுங்கள். புயல் மழையில் 4 லட்சம் சேதம். 18/60 என்ற விகிதத்தில் 1,20,000 ரூபாய்தான் கணக்கு வரும். அதிலும் பாலிசிதாரர் ஏற்க வேண்டிய எக்ஸஸ் கழியும்; புயல், வெள்ளம், இடிந்து விழுதல் போன்றவற்றுக்கு எக்ஸஸ் மற்றதைவிட அதிகம். ஓனர், காண்ட்ராக்டர் இருவர் பெயரிலும் பாலிசி இருக்கட்டும். ஒருவர் பெயரில் மட்டும் இருந்தால் பணம் யாருக்கு என்று அடுத்த பஞ்சாயத்து.

தளம் சரிந்த கேஸ்களில் காரணம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். முட்டு நழுவியது போன்ற வேலைக் குறை என்றால், குறையுள்ள பகுதியைத் திரும்பச் செய்யும் செலவு கிடைக்காது. ஆனால் அது விழுந்து நசுக்கிய நல்ல சுவரும் தூணும் கிடைக்கும். கம்பி அளவே தப்பு, வரைபடமே தப்பு என்றால் டிசைன் குறைக்கான கூடுதல் காப்பு இல்லாத பாலிசியில் எதுவும் கிடைக்காது. கம்பி காணாமல் போனதும் அப்படியே: பூட்டு உடைத்துத் திருடியதற்கு எப்.ஐ.ஆர். இருந்தால் பார்க்கலாம், மாதக் கடைசியில் எண்ணும்போது 300 கிலோ குறைகிறது என்றால் விலக்கு.

கட்டமைப்புப் பொறியாளர், சென்னை:
பக்கத்து வீட்டை யாரும் சொல்லவில்லையே. சென்னையில் ஒட்டி ஒட்டி மனை. சம்ப், பேஸ்மென்ட் தோண்டும்போது பக்கத்துச் சுவரின் அஸ்திவாரத்துக்குக் கீழே போய்விடுகிறார்கள். மழை பெய்ததும் மண் சரிந்து சுவர் பிளக்கிறது. சி.ஏ.ஆர். பாலிசியின் இரண்டாம் பிரிவு வெளியாருக்கு ஏற்படும் சேதத்துக்குத்தான், ஆனால் அதிர்வு, மண் பிடிமானம் தளர்வது ஆகியவற்றுக்குப் பாலிசியோடு தனி இணைப்பு (கூடுதல் காப்பு) வாங்கியிருக்க வேண்டும். அந்த இணைப்பே ஒரு நிபந்தனை போடுகிறது: வேலை தொடங்கும் முன் பக்கத்துக் கட்டடம் நல்ல நிலையில் இருந்ததற்கான அறிக்கை. தோண்டும் முன்பே பக்கத்து வீட்டின் ஒவ்வொரு விரிசலையும் அளவுகோல் வைத்துத் தேதியோடு படம் எடுங்கள், வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்குங்கள். பெரிய விரிசல் மேல் கண்ணாடித் துண்டு ஒன்றைச் சாந்து வைத்து ஒட்டுங்கள். விரிசல் நகர்ந்தால் கண்ணாடி உடைந்து காட்டிக்கொடுக்கும்.

பாலிசி ஏஜென்ட், சேலம்:
தேதி விஷயத்தையும் சேர்த்துவிடுகிறேன். நம் ஊரில் நல்ல நாள் பார்த்து, மாடி வேலை பாக்கி இருக்கும்போதே கிரகப்பிரவேசம் செய்து கீழ்த்தளத்தில் குடியேறிவிடுகிறோம். பயன்பாட்டுக்கு வந்த பகுதிக்கு சி.ஏ.ஆர். காப்பு அன்றோடு முடிகிறது. அன்றே கீழ்த்தளத்துக்குச் சாதாரண வீட்டு பாலிசி தொடங்கியிருக்க வேண்டும். பணம் இல்லாமல் நாலு மாதம் வேலை நின்றாலும் கம்பெனிக்கு எழுதித் தெரிவியுங்கள், வேலை நின்றதால் வரும் சேதம் விலக்கில் இருக்கிறது. நீட்டிப்பைக் காலம் முடியும் முன்பே கேளுங்கள். பிரீமியம் கம்பெனிக்குப் போய்ச் சேராமல் காப்பு தொடங்காது, இது 1938 இன்ஷூரன்ஸ் சட்டத்தின் 64வி.பி. பிரிவு, காண்ட்ராக்டர் காட்டும் புரொபோசல் படிவத்தையோ கொட்டேஷனையோ நம்பி அஸ்திவாரம் தோண்ட விடாதீர்கள். பாலிசி எண்ணைக் கம்பெனி கிளையில் நீங்களே கேட்டு உறுதிசெய்துவிட்டு முதல் பில்லைக் கொடுங்கள்.

இழப்பு மதிப்பீட்டாளர், திருச்சி:
விபத்து நடந்தால் அன்றே மின்னஞ்சல் போடுங்கள், சி.ஏ.ஆர். பாலிசியில் பொதுவாக 14 நாள் கெடு. ஆளைக் காப்பாற்ற எதை வேண்டுமானாலும் நகர்த்தலாம். அதன்பின் நாங்கள் வந்து பார்க்கும்வரை இடிபாட்டை அள்ளாதீர்கள். அதை அப்புறப்படுத்தும் செலவுக்கும் தனி இணைப்பு உண்டு, பாலிசியில் இருக்கிறதா என்று இப்போதே புரட்டிப் பாருங்கள்.